கோட்டைகளின் கதை – 9: குர்துகளின் கோட்டை

மத்தியதரைக் கடலின் கீழைக் கரையை ஒட்டி, வடக்கே அந்தியோக்கியாவின் எல்லையிலிருந்து தெற்கே லெபனானின் இறுதி வரையில் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர், கடற்கரைப் பட்டினங்களையும் உள்நாட்டுப் பெருநகரங்களையும் இரு வேறு தேசங்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. கரையோரத்தில் மழையும் ஒலிவத் தோப்புகளும் வணிகக் கப்பல்களும் மிகுதி. மலைக்கு அப்பால் கோதுமை வயல்களும், அவற்றுக்கும் அப்பால் பாலைவனமும் ஒட்டகச் சாத்துகளும். இவ்விரு தேசங்களும் ஒன்றையொன்று எளிதிற் சென்றடைவதற்குரிய வழிகள் மிகச் சில. அவற்றுள் அகன்றதும் தாழ்ந்ததுமாகியது, நுஸைரி மலைகள் தெற்கே இறங்கி முடிய லெபனான் மலைகள் இன்னும் தலையெடுக்காத இடத்தில் அமைந்த ஹோம்ஸ் கணவாய். நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் எத்தகையதோ அத்தகையது இது. அங்கே போலவே இங்கும் கடற்காற்று தடையின்றி உட்புகுந்து வீசுவதால், ஹோம்ஸ் நகரத்து மரங்கள் கிழக்கு நோக்கிச் சாய்ந்தே வளர்கின்றன.

காற்று புகும் வழியில் மனிதரும் புகுந்தனர். எகிப்தின் இரண்டாம் ராம்செஸ் ஹிட்டைட் மன்னனோடு பொருத காதேஷ் போர்க்களம், இக்கணவாயின் கிழக்கு வாயிலுக்கு அருகே ஒரோன்டெஸ் நதிக்கரையில் இருக்கிறது. பிற்காலத்தில் திரிப்போலியையும் ஹோம்ஸையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. ஈராக்கின் கிர்க்குக் எண்ணெய் வயல்களிலிருந்து கடற்கரைக்கு எண்ணெய் கொணர்ந்த குழாயும் 1934-இல் இவ்வழியையே தேர்ந்தெடுத்தது. மூவாயிரம் ஆண்டுகளாக மாறாத இந்த மார்க்கத்தின் வடபுறத்தே, கடலுக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலும் ஹோம்ஸுக்குச் சுமார் 40 கிலோமீட்டருமாகிய தூரத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 650 மீட்டர் உயரமுள்ள மலைமுனை ஒன்றில் நிற்பதுதான், ஐரோப்பியர் ‘கிராக் தே ஷெவாலியே’ என்றும் அரேபியர் ‘ஹிஸ்ன் அல்-அக்ராத்’, அதாவது குர்துகளின் கோட்டை என்றும் வழங்கும் துர்க்கம்.

இக்கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் மதில்களைப் பற்றியே எழுதினார்கள். அம்மதில்களின் பேரழகையும் பெருவலியையும் நானும் உரிய இடத்தில் சொல்லவே போகிறேன். ஆயினும், இதன் சரித்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை தொடர்ந்து பார்ப்பவர்க்கு வேறொன்று புலனாகும். மலையின் தென்புறத்தே புக்கையா என்னும் பெயரோடு விரிந்து கிடக்கும் செழிப்பான சமவெளியும், அதில் உழுது பயிரிட்ட குடியானவர்களுமே இக்கோட்டையின் உயிர். சமவெளி எவன் கையில் இருந்ததோ அவன் கையில் கோட்டை நிலைத்தது. சமவெளி கைநழுவியபின், மலைமேல் எத்தனை கல் அடுக்கியிருந்தும் அது நிலைக்கவில்லை.

1031-ஆம் ஆண்டில், அலெப்போவை ஆண்ட மிர்தாஸ் வமிசத்து அமீர் ஒருவன், திரிப்போலிக்கும் ஹோம்ஸுக்கும் இடையேயுள்ள வழியைக் காக்கவேண்டி, இம்மலைமுனையில் குர்து வீரர்களைக் குடும்பத்தோடு குடியேற்றினான். கோட்டைக்கு வாய்த்த பெயர் அவர்களால் வந்தது. அக்காலத்துக் கட்டடம் எளியதாகவே இருந்திருக்க வேண்டும். அதில் இன்று அடையாளம் காட்டத்தக்கதாக எஞ்சியது சொற்பம்.

அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1099 ஜனவரி இறுதியில், முதற் சிலுவைப்போரின் சேனை எருசலேமை நோக்கிச் செல்லும் வழியில் புக்கையாவுக்குள் இறங்கிற்று. மஆர்ரத் அந்நுஃமான் என்னும் ஊரில் பட்டினியின் உச்சத்தைக் கண்டு வந்த சேனை அது. சேனையின் வரவறிந்த சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள், ஆடுமாடுகளையும் தானியத்தையும் ஓட்டிக்கொண்டும் சுமந்துகொண்டும் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். துலூஸ் பிரபுவாகிய ரேமண்டு கோட்டையைத் தாக்கியபோது, உள்ளிருந்தவர்கள் வாளை நம்பாமல் ஒரு தந்திரத்தை நம்பினார்கள். வாயிலைத் திறந்து கால்நடைகளை வெளியே விரட்டினார்கள். பசித்திருந்த வீரர் அணியைக் கலைத்துக்கொண்டு மந்தைகளின் பின்னே நாற்புறமும் ஓட, அத்தருணத்தில் உள்ளிருந்தவர்கள் பாய்ந்து வந்து தாக்கியதில், தனித்து நின்ற ரேமண்டு பிரபுவே பிடிபடும் நிலைக்கு வந்துவிட்டான். மறுநாள் வஞ்சினத்தோடு ஏறிச்சென்று பார்த்தால் கோட்டையில் ஆளில்லை. இரவோடிரவாக எல்லோரும் மலைகளுக்குள் மறைந்துவிட்டிருந்தார்கள். சிலுவைவீரர் அங்கே சில நாள் தங்கி, பிப்ரவரி 2-ஆம் நாள் மரியன்னையின் தூய்மைத் திருநாளைக் கொண்டாடிவிட்டு மேற்கொண்டு சென்றார்கள். கோட்டையைக் கைக்கொண்டு காவல் வைக்க அப்போது அவர்களுக்கு எண்ணமும் இல்லை, ஆளும் இல்லை.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அந்தியோக்கியாவை ஆண்ட தாங்கிரெட், 1110-இல் இதைப் பிடித்தான். சிறிது காலத்திற்குள் இது திரிப்போலிச் சமஸ்தானத்தின் வசம் வந்தது. ஆயின் அச்சமஸ்தானமோ கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய நாடு. கணவாயின் கிழக்கு வாயிலிலே மோஸுலுக்கும் அலெப்போவுக்கும் அதிபதியான ஸெங்கியின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. 1137-ஆம் ஆண்டு திரிப்போலியின் துயர ஆண்டு. அவ்வாண்டில் பிரபு போன்ஸ் கொல்லப்பட்டான். அவன் மகன் இரண்டாம் ரேமண்டு, மோன்பெரான் கோட்டையை மீட்கப்போய்ச் சிறைப்பட்டு, அக்கோட்டையை இழந்து விடுதலை பெற்றான். இத்தனை அடிகளுக்குப் பிறகு, எல்லைக் காவலைத் தன் சொந்தப் படையால் நடத்த முடியாது என்பது இளம் பிரபுவுக்குத் தெளிவாகிவிட்டது. ஆகவே 1142-ஆம் ஆண்டில், கோட்டையை அதுவரை அனுபவித்து வந்தவனுக்கு ஈடுகொடுத்து விலக்கிவிட்டு, அதை ஹாஸ்பிட்டலர் என்னும் துறவிவீரர் சபைக்குத் தான சாசனம் செய்தான்.

அந்தச் சாசனம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. கோட்டையோடு சேர்த்து, பகைவர் கையில் ஏற்கெனவே போய்விட்ட மோன்பெரானையும் ரபானியாவையும் அது சபைக்கு வழங்குகிறது. ஹோம்ஸ் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைக்கூட வழங்குகிறது! இல்லாத நிலத்தைக் கொடுத்த வள்ளல் என்று ரேமண்டைப் பழிக்க வேண்டியதில்லை. வென்றால் உங்களுக்கு என்று நம்பிக்கையையே மானியமாகக் கொடுத்தான். அதற்கு ஈடாக அவன் விட்டுக்கொடுத்ததோ பெரிது: சபையின் சம்மதமின்றி முஸ்லிம் அரசர்களோடு தான் சமாதானம் பேசுவதில்லை என்று வாக்களித்தான். தன் எல்லையில் போருக்கும் அமைதிக்கும் உரிய அதிகாரத்தை ஓர் அரசன் பிறர் கையில் ஒப்படைத்த பின், அந்த எல்லை அவனுடையதா, அவர்களுடையதா?

அந்தச் சபையினர் ஆதியில் வாளேந்தியவர்கள் அல்லர். அமல்பி நகரத்து வணிகர்கள் எருசலேமில் நோயுற்ற யாத்திரிகர்களுக்காக ஏற்படுத்திய ஆதுலர் சாலையில் தொண்டு செய்தவர்களே அவர்கள். 1113-இல் போப்பாண்டவர் அவர்களைத் தனிச் சபையாக அங்கீகரித்தார். யாத்திரிகரின் புண்ணுக்கு மருந்திட்ட கை, யாத்திரிகர் வரும் வழியைக் காக்கவும் முற்பட்டது. ஐரோப்பாவெங்கும் பக்தர்கள் எழுதிவைத்த நிலங்களின் வருமானம் அவர்களுக்குக் கடல் கடந்து வந்துகொண்டிருந்தமையால், எந்தப் பிரபுவாலும் தாங்க இயலாத கட்டடச் செலவை அவர்களால் தாங்க முடிந்தது.

1163-ஆம் ஆண்டில் ஸெங்கியின் மகன் நூருத்தீன், இக்கோட்டையைப் பிடித்து அப்படியே திரிப்போலிக்கு இறங்குவதென்று தீர்மானித்துப் பெருஞ்சேனையோடு வந்து, கோட்டைக்குக் கீழே புக்கையாவில் பாசறை அமைத்தான். நண்பகல், வீரர்கள் கூடாரங்களில் ஓய்வாக இருந்த வேளை. அப்போது பிரான்சிலிருந்து யாத்திரை வந்திருந்த லூசிஞான் ஹியூ முதலியோரும், சிலீசியாவை ஆண்ட பைசாந்தியத் தளபதி கான்ஸ்டன்டைன் காலமானோஸும், திரிப்போலியின் வீரரும் ஒன்றுசேர்ந்து, கோட்டை நிற்கும் மலையின் மறைவிலிருந்து திடீரென்று வெளிப்பட்டார்கள். சிலுவைக் கொடிகள் மலைக்குப் பின்னிருந்து எழுந்ததைக் காவலர் கண்ட கணத்தில் குதிரைகளும் வந்து சேர்ந்துவிட்டன என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர். நூருத்தீன் உடை மாற்றவும் நேரமின்றித் தன் குதிரைமேல் பாய்ந்தேறினான். அதன் காலிலோ தளைக்கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. குர்து வீரன் ஒருவன் தன் குதிரையினின்றும் குதித்து அக்கயிற்றை அறுத்துவிட்டான். சுல்தான் தப்பினான், அறுத்தவன் அங்கேயே வெட்டுண்டு மாண்டான். அவன் பெயர் சரித்திரத்தில் இல்லை. அவனுடைய குடும்பத்துக்கு நூருத்தீன் மானியம் எழுதிவைத்தான் என்பது மட்டும் இருக்கிறது. ஹோம்ஸ் ஏரிக்கரையில் சிதறிய படையைத் திரட்டிக்கொண்ட அம்மன்னன், பழிதீர்க்கும் வரை கூரையின் கீழ்த் துயிலேன் என்று சபதம் செய்து, மறு ஆண்டே ஹாரிம் போர்க்களத்தில் அதை நிறைவேற்றினான்.

மனிதர் செய்யாத முற்றுகையைப் பூமி செய்தது. 1170 ஜூன் 29-ஆம் நாள் சிரியா முழுவதையும் உலுக்கிய பூகம்பத்தில் கோட்டை பெரிதும் சேதமுற்றது. ஆலயம் புதிதாகவே எழுப்பப்பட்டது. 1202-இலும் மீண்டும் பூமி அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்ச்சிக்குப் பின்னும் முன்னையினும் வலிதாக எழுந்தமையே இக்கோட்டையின் தனிப்பெருமை. இடையிலே, 1187-இல் ஹத்தீன் போரில் எருசலேம் இராச்சியத்தின் சேனையை அடியோடு அழித்த சலாவுத்தீன், அடுத்த ஆண்டு கோடையில் இங்கே வந்து பார்த்தான். பார்த்தவன் முற்றுகையிடாமலே வடக்கே சென்று, கடற்கரைப் பட்டினங்களையும், பாறையைக் குடைந்து அகழி வெட்டிய ஸஹ்யூன் என்னும் பெருங்கோட்டையையும் சில வாரங்களுக்குள் பிடித்தான். ஸஹ்யூனை மூன்று நாளில் வென்றவன் கிராக்கைத் தொடாமற்போனது அச்சத்தினால் அன்று; இங்கே செலவிடும் மாதங்களில் அங்கே பத்துக் கோட்டைகள் கிடைக்கும் என்ற கணக்கினால்தான். காலத்தின் அருமையறிந்த சேனாதிபதி அவன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பழைய கோட்டையைச் சுற்றிலும் இரண்டாவது மதில் ஒன்றை எழுப்பியபோது கிராக் தன் முழு உருவத்தை எய்தியது. மலைமுனையின் மூன்று புறமும் சரிவு. தெற்கே மட்டும் அது பின்னாலுள்ள மேட்டுநிலத்தோடு சேர்ந்திருக்கிறது. பகைவன் பொறிகளை நிறுத்தக்கூடிய இடம் அது ஒன்றே. ஆதலால் கட்டியவர்களின் மதியூகமெல்லாம் தெற்கேதான் குவிந்தது. அங்கே உட்கோட்டை மதிலின் அடியில் வழுவழுப்பான சாய்வுச் சுவர் ஒன்றை ஏற்றினார்கள். அடியில் சில இடங்களில் 25 மீட்டர் கனத்தை எட்டும் அச்சாய்வு, மேலே போகப்போக ஒடுங்கி, மூன்று பெருங்கொத்தளங்களின் தோள்களில் போய் முடிகிறது. கீழிருந்து சுரங்கம் தோண்டுபவன் எவ்வளவு தோண்டினாலும் மதிலைச் சேரமாட்டான். பூகம்பம் வந்தாலும் கொத்தளம் சாயாது. அரேபியர் அதை ‘மலை’ என்றே அழைத்தனராம். அதன் காலடியில், வெளிமதிலுக்கும் இதற்கும் நடுவே, ஒரு நீண்ட நீர்த்தேக்கம். தெற்கு மேட்டிலிருந்து கால்வாய் வழியே வந்த நீர் அதில் நிரம்பிற்று. குடிதண்ணீருக்கும் குதிரைகளுக்கும் ஆயிற்று, அகழியும் ஆயிற்று.

வாயில் கிழக்கே இருக்கிறது. வெளிவாயிலைக் கடந்தவன் வானத்தைக் காண்பதில்லை. மேலே கல்வளைவு மூடிய சரிவான பாதை ஒன்றில், குதிரைகள் வழுக்காமல் ஏறுவதற்கென்று தாழ்வாகவும் அகலமாகவும் அமைத்த படிகளில் அவன் ஏற வேண்டும். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருள். மறுகணம் விதானத்தின் துவாரம் ஒன்றிலிருந்து கண்கூசும் வெளிச்சம். அத்துவாரங்கள் வெளிச்சத்துக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. மேலே நின்றவன் கல்லையும் அம்பையும் அவற்றின் வழியே இறக்குவான். பாதி வழியில் பாதை மடங்கித் திரும்புகிறது. திரும்பும்போது ஏறுபவன் எந்தப் பக்கத்தை மதிலுக்குக் காட்டுவான், எத்தனை பேர் ஒருங்கே ஏற முடியும், இடிப்பு மரத்தைத் தூக்கி வருபவர்கள் அந்த மடக்கில் அதை எவ்வாறு திருப்புவார்கள் என்றெல்லாம் ஒருவன் இருந்து யோசித்திருக்கிறான். அத்தகைய யோசனை கல்லிலே நிலைத்து நிற்பதைக் காணும்போது, போரை வெறுப்பவனும் அந்தச் சிற்பியை வணங்கவே வேண்டும்.

இத்தனை கடுமையையும் கடந்து உள்முற்றத்தை அடைந்தால், அங்கே வேறோர் உலகம். பேரவை மண்டபத்தின் முன்னால் கோதிக் பாணியில் அமைந்த தாழ்வாரம் ஒன்று. மெல்லிய தூண்களும், இலை கொத்திய போதிகைகளும், கூர்வளைவுச் சாளரங்களும் கொண்ட அது, பிரான்ஸ் தேசத்து மடாலயம் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்ததோ என்று நினைக்கத் தோன்றும். அகந்தையானது ஏனைய நலன்களையெல்லாம் கெடுத்துவிடும் என்று எச்சரிக்கும் இலத்தீன் வாசகம் ஒன்றை அங்கே பொறித்திருக்கிறார்கள். அதனை அடுத்து, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள கல்வளைவுக் கூடம். அதில் கிணறும், ரொட்டி சுடும் மாபெரும் அடுப்பும் இருந்தன. எண்ணெய்ச் சாடிகளும் தானியக் குவியல்களும் அடங்கிய களஞ்சியங்கள் வேறு. ஐந்தாண்டு முற்றுகைக்குப் போதுமான உணவு இங்கே அடங்கும் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அத்தனை தானியமும் கீழேயிருந்து வந்தது. 1212-இல் இங்கே வந்த ஜெர்மானிய யாத்திரிகர் வில்பிராண்டு, கோட்டையில் காவலுக்கு 2,000 பேர் இருந்ததாகக் குறிக்கிறார். அவர்களுள் துறவிவீரர் அறுபதின்மர் அளவே இருக்கலாம் என்பர். மற்றவர்கள் கூலிப்படையினரும் ஏவலரும். இத்தனை வயிற்றையும் நிரப்பியது புக்கையாவின் கோதுமை. அதற்கு மேல் அண்டை அரசர்கள் செலுத்திய கப்பம் உண்டு. ஹமாவின் அரசன் செலுத்தினான். மஸ்யாப் மலைகளில் வாழ்ந்து, பகையரசர்களை மறைந்திருந்து கொல்வதற்குப் பேர்போன இஸ்மாயிலியரும் செலுத்தினர்! உலகமே அஞ்சிய அவர்கள் ஏன் கப்பம் கட்டினார்கள் என்பதற்குச் சரித்திரக்காரர் ஷுவான்வீல் ஒரு காரணம் சொல்கிறார்: அரசனைக் கொன்றால் அரசு குலையும், சபைத் தலைவனைக் கொன்றாலோ அவனுக்கு ஈடான ஒருவனை மறுநாளே சபை அமர்த்திவிடும், ஆகவே கொன்று பயனில்லை. 1218-இல் வருகை தந்த ஹங்கேரி மன்னன் இரண்டாம் ஆண்ட்ரூ, இக்கோட்டையைக் கிறிஸ்தவ நாட்டின் திறவுகோல் என்று மதித்து, தன் நாட்டு வருமானத்தில் ஆண்டுதோறும் நூறு மார்க்கு வெள்ளியை இதற்கு ஒதுக்கினான். கோட்டையின் பொற்காலம் அது.

அப்பொற்காலத்தை முடித்துவைக்கப் பிறந்தவன், கிப்சாக் துருக்கியரிடையே தோன்றி, அடிமைச் சந்தையில் விலைப்பட்டு, 1260-இல் எகிப்தின் சுல்தானாக உயர்ந்த பைபர்ஸ். முந்திய வேந்தர்களைப்போல் ஒரே பெரும்போரில் எல்லாவற்றையும் தீர்த்துவிட அவன் முயலவில்லை. ஆண்டுதோறும் வந்தான், ஆண்டுதோறும் ஒன்றிரண்டு கோட்டைகளைப் பறித்தான். 1265-இல் சிசரியாவும் அர்ஸுபும், 1266-இல் ஸபதும், 1268-இல் யாப்பாவும் போபோர்ட்டும் அந்தியோக்கியாவும் வீழ்ந்தன. இதற்கிடையே உடன்படிக்கை வாயிலாகவே, ஹமாவும் இஸ்மாயிலியரும் சபைக்குச் செலுத்திவந்த கப்பத்தை நிறுத்தினான். கோட்டையைத் தொடுமுன் கோட்டையின் வருவாயைத் தொட்டான் என்பதே இதன் பொருள். 1268-இல் சபைத் தலைவர் ஹியூ ரெவெல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. முன்னே பதினாயிரம் பேரைத் தாங்கிய நாட்டில் இப்போது சபையின் வீரர் 300 பேர்தாம் எஞ்சியிருக்கின்றனர் என்று அதில் அவர் முறையிடுகிறார். 1270-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பைபர்ஸ் சிறு குதிரைப்படையோடு கோட்டைக்கு எதிரே வந்து, அதன் பயிர்நிலங்களில் குதிரைகளை மேயவிட்டுப் போனான். முற்றுகை அந்த மேய்ச்சலிலேயே தொடங்கிவிட்டதென்பது என் கருத்து; ஏனெனில், அவ்வாண்டுக் கோதுமை களஞ்சியத்துக்கு ஏறவில்லை.

பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயி புதிய சிலுவைப்போருக்குப் புறப்பட்டான் என்ற செய்தியே அதுவரை பைபர்ஸைக் கெய்ரோவில் கட்டிவைத்திருந்தது. 1270 ஆகஸ்டு 25-ஆம் நாள் தூனிஸ் கரையில் லூயி நோயுற்று மாண்டதும் அத்தடை நீங்கிற்று. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பைபர்ஸ் புறப்பட்டான். முதலில், வடமேற்கே கிராக்கின் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலுள்ள ஸாபீத்தாக் கோபுரத்தைப் பணியவைத்தான். அவசர காலத்தில் தீயடையாளங்காட்டி உதவி கேட்பதற்கு அதுவரை இருந்த அண்டைக் கோட்டை அது. பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே அவன் சேனை கிராக்கைச் சூழ்ந்துகொண்டது. ஹமாவின் அரசனும் படையோடு வந்து சேர்ந்தான். இஸ்மாயிலியர் படையும் வந்தது. நேற்றுவரை கோட்டைக்குக் கப்பம் கட்டியவர்கள் இன்று அதன் வாயிலில் எதிரிகளாக நின்றார்கள்.

மழை சில நாட்கள் கோட்டைக்குத் துணைநின்றது. சேற்றில் கவண்பொறிகளை இழுத்து மேட்டுக்கு ஏற்ற முடியவில்லை. மழை விட்டதும் புறக்காப்புகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. தெற்கு மேட்டில் பொறிகள் நின்று கல்மாரி பொழிய, தென்மேற்குக் கொத்தளத்தின் அடியில் சுரங்கம் வெட்டினார்கள். சுரங்கம் வெட்டுவோர் மேலேயுள்ள கட்டடத்தை மரக்கால்களால் தாங்கியபடியே உள்ளே தோண்டிச்சென்று, வேண்டிய இடத்தை அடைந்தபின் அம்மரங்களுக்குத் தீ வைத்துவிடுவர். மரம் எரிந்து சாம்பலாகியதும் தாங்குவாரற்ற கோபுரம் தன் பாரத்தாலேயே இறங்கிவிடும். மார்ச் இறுதியில் அப்படியே இறங்கியது. வெளிமதிலுக்குள் புகுந்த சேனை, அங்கே அகப்பட்ட சபைவீரர்களைக் கொன்றது, மலைநாட்டாரைச் சிறைபிடித்தது, அடைக்கலம் புகுந்திருந்த உழவர்களையோ, நிலத்தைப் பயிரிடும்பொருட்டு விடுதலை செய்தது. போரின் உக்கிரத்தினிடையே சுல்தான் செய்த இந்த ஏற்பாட்டை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். கோட்டை யாருடையதாக ஆயினும் புக்கையாவில் கோதுமை விளைய வேண்டும் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான்.

இனி எஞ்சியது உட்கோட்டை. அதன் முன்னே அந்தப் பெருஞ்சாய்வு. சுரங்கத்துக்கு அது வளையாது. அதைக் கவண்கல்லால் நொறுக்கினால், பிடித்தபின் தானே மீண்டும் கட்ட வேண்டிவரும். பத்து நாள் அளவில் போர் ஓய்ந்திருந்தது. பிறகு ஒரு கடிதம் கோட்டைக்குள் சென்றது. திரிப்போலியிலிருந்து சபைத் தலைவர் எழுதியதாகவும், கோட்டையை ஒப்படைத்துவிட அனுமதி அளிப்பதாகவும் இருந்த அக்கடிதம் போலி என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஏப்ரல் 8-ஆம் நாள் உள்ளிருந்தவர்கள் சரணடைந்தார்கள். உயிருக்கு அபயம் பெற்றுத் திரிப்போலிக்குச் சென்றார்கள். நூற்று இருபத்தொன்பது ஆண்டு சபையின் கையிலிருந்த கோட்டை, அதன் மிக வலிய மதில் உடையாத நிலையிலேயே கைமாறிற்று. பைபர்ஸ் ஹியூ ரெவெலுக்கு எள்ளல் நிரம்பிய கடிதம் ஒன்றை எழுதி இச்செய்தியைத் தெரிவித்தான்.

ஒரு பொய்க்கடிதத்தால் ஏமாந்தார்கள் என்று அவ்வீரர்களைப் பேதையராக்குவது நியாயமாகாது. உதவிக்கு வரச் சேனை எங்கும் இல்லை; அந்தியோக்கியா இல்லை; ஸாபீத்தாவில் மறுமொழித் தீ எழாது; வயல்களும் உழவரும் சுல்தான் வசம். ஐந்தாண்டுச் சோறு உள்ளே இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்தாண்டு கழித்து யார் வருவார்? அனுமதிக் கடிதம் மெய்யா பொய்யா என்று ஆராயும் மனநிலையை அவர்கள் கடந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பைபர்ஸ் கோட்டையை இடிக்கவில்லை. கடற்கரைக் கோட்டைகள் பலவற்றை, மறுபடியும் ஐரோப்பியர் வந்திறங்கிப் பிடித்துக்கொள்வர் என்றஞ்சித் தரைமட்டமாக்கிய அவன், இதை மட்டும் செப்பனிட்டான்; இடிந்த தென்மதிலை எழுப்பித் தன் பெயரைப் பொறித்தான்; ஆலயத்தைத் தொழுகைப் பள்ளியாக்கினான். 1285-இல் சுல்தான் கலாவூன் தெற்கே பெருஞ்சதுரக் கோபுரம் ஒன்றைச் சேர்த்தான். சிலுவைவீரர் கணவாயைக் காத்து உள்நாட்டை நோக்கி நின்ற கோட்டை, இப்போது திரும்பிக் கடலை நோக்கி நின்றது. 1289-இல் திரிப்போலியும், 1291-இல் ஆக்ரேயும் வீழ்ந்தபின், காக்க வேண்டிய எல்லையே மறைந்துவிட்டது.

அதன்பின் ஆறு நூற்றாண்டு காலம் இதைக் காத்தவர்கள் சுல்தான்களும் அல்லர், பாஷாக்களும் அல்லர், உழவர்கள். மதில்களுக்குள் ஒரு கிராமமே அமைந்தது. பேரவை மண்டபத்தின் அருகே மாடு கட்டினார்கள்; முற்றத்தில் மண்வீடுகள் எழுந்தன. 1909-இல் கால்நடையாகச் சிரியக் கோட்டைகளைப் பார்த்துவந்த ஆக்ஸ்போர்டு மாணவர், பிற்காலத்தில் அரேபியப் போரால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், உலகத்துக் கோட்டைகளில் இதற்கு ஈடில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1927 முதல் பிரெஞ்சு அறிஞர் பால் டெஷாம் இங்கே அளவெடுத்து ஆராய்ந்து, 1934-இல் தம் பெருநூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு, அப்போது சிரியாவை ஆண்ட பிரெஞ்சு அரசு கோட்டையை விலைக்கு வாங்கி, உள்ளே வாழ்ந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. மண்வீடுகள் போய், மறைந்திருந்த தாழ்வாரமும் சாய்வும் வெளிப்பட்டன, கல் பிழைத்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் அரவம் கேட்டுவந்த மலைமுனை அன்று வெறுமையானது என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2006-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனையும், சலாவுத்தீன் வென்ற ஸஹ்யூனையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏழே ஆண்டுகளில், சிரிய உள்நாட்டுப் போரின் காரணமாக, அபாயத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலில் இது ஏறிற்று. மீண்டும் ஆயுதமேந்தியவர்கள் இம்மதில்களுக்குள் புகுந்தார்கள். 2013-இல் வானிலிருந்து குண்டு விழுந்தது. 2014 மார்ச்சில் சிரிய அரசுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. ஆலயத்திலும் தாழ்வாரத்திலும் சேதம் நேர்ந்தது. மலையடிவாரத்து ஊரில் வீடிழந்தோர் பலர். அவர்கள் ஊர் திரும்பி உழுது விதைப்பதற்கும், கோட்டையின் உடைந்த கற்களைச் சேர்ப்பதற்கும் ஒரே அளவு அக்கறை காட்டும் அரசே இதன் உண்மையான காவலனாக இருக்கத்தக்கது.

கிராக் வீழ்ந்த பின்பும் பதினான்கு ஆண்டுகள், கடலோரத்துக் கரும்பாறை மலைமேல் ஹாஸ்பிட்டலர் சபையின் கொடி பறந்துகொண்டிருந்த மற்றொரு கோட்டை உண்டு. 1285-இல் கலாவூனிடம் பணிந்த அந்த மார்காப் கோட்டையின் கதையை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)